அரைவட்டப் பிரியர்

எங்கள் ரைன் ஆற்றங்கரையில் அரைவட்டப் பிரியர் என்றொரு இனம் உண்டு. எந்தத் தேவாலயத்துக்குள் நுழைந்தாலும் பீடத்தைப் பார்க்கும் முன் அண்ணாந்து வளைவைப் பார்ப்பார், பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொள்வார், வலிக்கிற காலை விட்டுவிட்டுச் சுவரைத் தடவி, "என்ன கனம், என்ன கனம்" என்று உருகுவார். ஜன்னல் சின்னது, பாட்டுப் புத்தகமே தெரியவில்லை என்று யாராவது முனகினால், "அந்தக் காலத்து இருட்டுங்க, இப்பக் கிடைக்குமா?" என்பார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ரோமனெஸ்க் கட்டட பாணியின் அரைவட்ட வளைவு அவருக்கு உயிர். பின்னால் வந்த கூர் வளைவு? சம்பந்தி வாங்கிய புதுக் காரைப் போல, ஒப்புக்குத் தலையாட்டிவிட்டு நகர்வார்.

இந்த இனத்தில் முதல் மரியாதை எங்கள் தெரு ஆன்ஸ்கார் தில்மானுக்கு. ஓய்வுபெற்ற பல் டாக்டர். சாவுப் பூசையில்கூட அவர் பக்கத்தில் உட்காராதீர்கள். "தூணைக் கவனிச்சீங்களா? ஒண்ணு தடி, அடுத்தது ஒல்லி, மறுபடி தடி" என்று காதைக் கடிப்பார். செத்தது யார் என்று திரும்பும் வழியில் கேட்பார்.

போன மே மாதம் அவர் மகள் யுட்டாவுக்குக் கல்யாணம். அப்பா கையைப் பிடித்துப் பீடம்வரை நடப்பது அவளது சிறுவயது ஆசை. எங்கள் பேராலயத்துக்கோ இரண்டு தலை. கிழக்குக் கோடியில் ஒரு பீடம், மேற்குக் கோடியில் ஒரு பீடம்; வாசல் இரண்டுக்கும் நடுவே, பக்கவாட்டுச் சுவரில். மேற்கு பழையது, சுத்தமான அரைவட்டம். கிழக்கு ஒருமுறை எரிந்து, கூர் வளைவோடு மறுபடி எழும்பியது. பாதிரியாரும் மாப்பிள்ளை வெண்டெலினும் கிழக்கே காத்திருந்தார்கள். ஆர்கன் முழங்கியது. மகளோடு உள்ளே வந்த தில்மான் வழக்கம்போல் அண்ணாந்தார். மேற்கே திரும்பி நடந்தார்.

"அப்பா, அவர் அந்தப் பக்கம் நிக்கிறாருப்பா."

"தெரியும்டா கண்ணு. நல்ல வளைவு இந்தப் பக்கம்தானே இருக்கு. அவரை இங்க வரச் சொல்லு."

"நான் என்ன, வளைவையாப்பா கட்டிக்கப்போறேன்?"

கனத்த சுவரும் கல் கூரையும் ஒரு சொல்லையும் விழுங்காது. "போறேன், போறேன்" என்று கூரை திருப்பிச் சொன்னது. ஆர்கன்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

தில்மான் திரும்பினார். கிழக்கே அண்ணாந்து பார்க்க அவருக்கு ஒன்றுமில்லை, அதனால் வழியெல்லாம் மகள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பீடத்தை எட்டுவதற்குள் அழுதுவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், "கூர் வளைவு ரோமனெஸ்க்கிலும் சில இடங்களில் உண்டே" என்று என்னைத் திருத்த உங்கள் நாக்கு அரிக்கிறதா? அப்படியானால் உங்கள் வீட்டுக் கல்யாணத்தன்று, உள்ளே நுழைந்ததும் முதலில் மாப்பிள்ளை எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பாருங்கள்.