ஷொய் என்றால் தோழி என்றேன்

வீட்டில் முதன்முதலாகப் படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தச் சொல்லைக் கேட்டாலும் உடனே பொருள் சொல்லிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்த நோயாளி நான். மாத்திரை அட்டை முதல் கல்யாணப் பத்திரிகை வரை எல்லாவற்றையும் என்னிடம் நீட்டி, "என்ன போட்டிருக்கு, சொல்லு தாயி" என்று கேட்டே வளர்த்தார்கள். தெரியாது என்று சொல்லிப் பழகவே இல்லை.

அந்த வியாதியோடுதான் கொல்கத்தாவுக்கு வேலைக்கு வந்தேன். லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் வாழைப்பூவும் விற்கும் ஒருத்தி பழக்கமானாள். என் வயதுதான். (பெயரை எழுத மாட்டேன். காரணம் இருக்கிறது.) சனிக்கிழமைதோறும் அவள் கடைச் சாக்கில் அரைமணி நேரம் உட்கார்ந்து என் ஓட்டை வங்காளத்தில் மேனேஜரைத் திட்டுவேன். அவள் மாமியாரைத் திட்டுவாள்.

என்னைத் 'தீதி', அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் கேட்டாள். "தீதி, எனக்கு ஷொய் ஆகுறீங்களா?"

"ஷொய்னா தோழி," என்று வங்காளத்தில் பிறந்தவளுக்கே வங்காளச் சொல்லை விளக்கினேன். "நாமதான் ஏற்கெனவே தோழிங்களாச்சே."

"அப்ப ஞாயித்துக்கிழமை காலையில வீட்டுக்கு வாங்க."

டீ குடிக்கக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். ஒன்றரை மணிநேரம் தாமதமாக, ஜீன்ஸும் ஈரத்தலையுமாக, ஒரு பாக்கெட் முறுக்குடன் (ரூம்மேட் பிரித்து இரண்டைத் தின்றது போக மீதி) கிடர்பூரில் அவள் சந்துக்குள் நுழைந்தேன். சங்கு ஊதினார்கள். (இந்த ஊரில் நல்ல காரியத்துக்குத்தான் சங்கு.) யாருக்கோ கல்யாணம் என்று ஒதுங்கி வழிவிட்டேன். எனக்குத்தான் ஊதினார்கள்.

சந்தே வாசலில் கூடியிருந்தது. அவள் புதுச்சேலை கட்டி, காலையிலிருந்து பட்டினியாகக் காத்திருந்தாள். எனக்கும் அதே நிறத்தில் ஒரு சேலை. ஜீன்ஸுக்கு மேலேயே சுற்றிவிட்டார்கள். செம்பிலிருந்த கங்கை நீரை ஒருவர் கையில் ஒருவர் ஊற்றினோம். இந்த இடத்தில் சிறப்புரை தேவை என்று எனக்குத் தோன்றியது. (யாரும் கேட்கவில்லை.) நான்கு வாக்கியம் பேசினேன். அதில் அவள் பெயரை ஆறு முறை சொன்னேன்.

மாமியார் செம்பைக் கீழே வைத்தார்.

"ஷொய் ஆகித் தண்ணி ஊத்தின பிறகு பேரைச் சொல்லக்கூடாது. இனி ரெண்டு பேருக்கும் ஒரே பேரு, கங்காஜல். பேரைச் சொன்னா உறவு முறிஞ்சுது." மருமகள் பக்கம் திரும்பினார். "நான் அப்பவே சொன்னேன்ல? ஆபீஸ் போற பொண்ணுக்கு இதெல்லாம் விளையாட்டு."

அவள் தலை நிமிரவில்லை. சந்து முழுக்க என்னைப் பற்றிப் பெருமையடித்திருப்பாள் போல. நான் பதறிப்போய் "மன்னிச்சிரு" என்றேன். கூடவே, ஏழாவது முறையாக, பெயரையும்.

அதன் பிறகுதான் என் வாயிலிருந்து அது வந்தது. "எனக்கு இது தெரியாதுங்க. அர்த்தம் தெரியாமலே தலையாட்டிட்டேன். ஆனா விளையாட்டுக்கு வரல."

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பார்த்தால், சிரிப்பு.

"கறிவேப்பிலையை எப்படிக் கட்டணும்னு எனக்கே பாடம் நடத்துற ஆளு இது. இன்னிக்குத்தான் தெரியாதுன்னு சொல்லியிருக்கு," என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, செம்பைக் கையில் எடுத்தாள். "தண்ணி இன்னும் இருக்கு. கையை நீட்டு, கங்காஜல்."

'நீட்டுங்க' இல்லை. 'தீதி' இல்லை.

ஷொய் ஆகிவிட்டால் என் அம்மா அவளுக்கும் அம்மாவாம். துர்கா பூஜைக்கு அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்து ஊருக்கு அனுப்பினாள். அம்மா போன் செய்தாள்.

"சீல நல்லாருக்கு. அந்தப் புள்ள பேரு என்ன?"

"சொல்லக்கூடாதும்மா."

அன்றிலிருந்து, சேலையைப் பார்த்து யார் விசாரித்தாலும் பதில் தயாராக இருக்கிறது.

"எம்மவ சேக்காளி கொடுத்தது. பதினாறு வருசம் படிக்க வச்சேன். சேக்காளி பேரு என்னன்னு கேட்டா முழிக்கிறா."