மூணேகால் மணிக்கு யாரோ படிக்கிறார்கள்

இயேசு மரி சூசை துணை

வெள்ளிமலை,
புதன்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை ராபினுக்கு, மாமா மைக்கேல்ராஜ் எழுதுவது. இங்கே நானும் இரண்டு கோழியும் சுகம். மூன்றாவது கோழியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அங்கே நீங்களும் ஷைனியும் பேரன் அமலும் சுகமாயிருக்க ஆண்டவர் அருள் புரிவாராக. ஈமெயில் இருக்கும்போது இன்லேண்டு லெட்டர் எதற்கு என்பீர்கள். மெயிலில் போட்டால் உங்கள் அத்தை படித்துவிடுவாள். அவள் இறந்து ஐந்து மாதம் ஆகிறது என்பது எனக்கும் தெரியும்.

நம்ம வூட்டு மெயிலை நாமே வைத்துக்கொள்ளலாம் என்று நீங்கள்தானே என் மேசைக்கடியில் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை வைத்துவிட்டுப் போனீர்கள்? முதலில் ஒருத்தருக்கு வந்த கடிதமெல்லாம் ஒரே ஃபைலில் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு வந்தது. முப்பத்தெட்டு வருஷம் தபாலாபீசில் கட்டுக் கட்டியவன், எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் இந்த மலையில் தூறல் விழுந்தாலே கரண்ட் போய்விடும். ஒருநாள் பெட்டி ஃபைலில் பாதி எழுதும்போதே போய், மொத்தக் கட்டும் கெட்டு, அத்தையின் ஜெபக்குழுச் சேதியும் உர விளம்பரமும் ஒட்டிக்கொண்டன. "கடிதத்துக்கு ஒரு ஃபைலுன்னு மாத்திடறேன் மாமா, போனா ஒண்ணுதான் போவும்" என்றீர்கள். வந்தது வினை. வந்த கடிதம் 'புதுசு' அறையில் இருக்கும், படித்தால் அடுத்த அறைக்குப் போகும், ஃபைல் பெயரின் வாலில் ஓர் எழுத்து ஏறும். எஸ் என்றால் படித்தாச்சு, எஃப் என்றால் குறித்துவைத்தாச்சு, டி என்றால் தூக்கிப்போடு, ஆர் என்றால் பதில் போட்டாச்சு. நீங்கள் ஒட்டிய சீட்டு இன்னும் சுவரில் இருக்கிறது.

அவள் போனதிலிருந்து அவள் விலாசத்துக்குத் தினம் ஒரு கடிதம் எழுதுகிறேன். 'பெறுநர் இறந்துவிட்டார்' என்று என் கையாலேயே எத்தனை கடிதத்தைத் திருப்பியிருப்பேன்! என்னுடையது ஒன்றும் திரும்பவில்லை, புதுசு அறையிலேயே கிடந்தது. போன மாதம் பார்க்கிறேன், எல்லாம் அடுத்த அறையில். தினமும் பகல் மூணேகாலுக்கு நகர்கிறது. மூணு மணி ஜெபம் முடித்து அவள் ஃபோனை எடுக்கிற நேரம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அசையாது, அன்றைக்கு அவள் ஃபோனைத் தொடமாட்டாளே. பாஸ்வேர்டு அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஜெபமெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று ஷைனி அந்த ஃபோனையும் ஜெபமாலையோடு சவப்பெட்டிக்குள் வைத்துவிட்டாள். அங்கே சார்ஜ் யார் போடுகிறார்கள் மாப்பிள்ளை?

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன் என்று பொய் எழுதினேன், எஃப் விழுந்தது. பக்கத்து வீட்டு ஜெயம்மாள் கொடுத்த சாமைச்சோறு ருசியோ ருசி என்று எழுதினேன், டி விழுந்தது. அதை ஜெயம்மாளிடமே சொல்லித் தொலைத்தேன். "இன்னா சார் சொல்றீங்க? இனிமே சோறு நான் குடுக்கலைங்க" என்று கிண்ணத்தைக்கூட வாங்காமல் ஓடிப்போனாள். அன்று ராத்திரிதான் மூன்றாவது கோழி செத்துப்போனது.

எனக்குப் பயமாக இருக்கிறது. நேற்று சாயங்காலம் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன். அவள் போன அன்றைக்குக் காலையிலேயே, "நெஞ்சு வலிக்குதுங்க, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றாள். சாயங்கால பஸ்ஸுக்குப் போகலாம் என்றேன் நான். "எம்மேல கோவமா மேரி?" என்று ஒரே வரி எழுதி அனுப்பிவிட்டேன். இன்று மூணேகாலுக்கு அது நகரும். என்ன எழுத்து ஏறுமோ, பார்க்க எனக்குத் தெம்பில்லை. அதனால் எல்லாவற்றையும் பழையபடி ஒரே கட்டாகக் கட்டிவிடுங்கள். கெட்டால் கெடட்டும்.

உங்கள் மூவர் நெற்றியிலும் இங்கிருந்தே சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கும்,
மாமா மைக்கேல்ராஜ்,
போஸ்ட்மாஸ்டர் (ஓய்வு).

பி.கு.: மணி மூணு இருபது. மேலே எழுதினது எதையும் செஞ்சிடாதீங்க மாப்பிள்ளை. அந்த ஒருவரிக் கடிதத்துல ஆர் ஏறியிருக்கு. பதில் போட்டாச்சு. என் பெட்டிக்கு இன்னும் வரலை. வரும், மலைக்குத் தபால் எப்பவும் லேட்டுதான். அது வர்ற வரைக்கும் எதுலயும் கை வைக்காதீங்க. இங்க மேகம் கட்டிக்கினு வருது. கரண்ட் போவக்கூடாதுன்னு ஷைனிய அங்க கோயில்ல ஒரு மெழுகுவத்தி ஏத்தச் சொல்லுங்க.