மீரான் கொடுத்த சக்கரம்

இனி இந்த உலகத்தில் எவரும் தனக்காகக் காத்திருக்கக் கூடாது என்று சுகுமாரன் முடிவு செய்தபோது, அவன் சாலையோரத்தில் குந்தியிருந்தான். செம்மோர் சந்திப்புக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது. பக்கத்தில் அவனுடைய ரேஸ் சைக்கிள் படுத்திருந்தது. பின்சக்கரம் ஒரு குழியில் இறங்கி ஏறியதில் ரிம்மில் விரல் நீளத்துக்கு விரிசல். சுற்றிவிட்டால், கள் குடித்தவன் நடப்பதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்து சுற்றியது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் சிலிபினிலிருந்து எட்டுப் பேர் கிளம்புவார்கள். ஜெலாப்பாங்கைத் தாண்டி, ஒரு காலத்தில் ரப்பர் நின்று இப்போது செம்பனை நிற்கும் மேடுகளில் ஏறி இறங்கி, செம்மோரில் ஒரு கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். ஏழு பேர் இரண்டாவது டீயை முடிக்கும்போது, இருபது நிமிடம் பிந்தி, சுகுமாரன் வந்து சேருவான். யாரும் கேலி செய்வதில்லை. அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. கேலிக்கு ஒரு பதில் சொல்லிவிடலாம். அவர்களோ பரிவாக நடந்துகொண்டார்கள். போன மாதம், கூட்டத்தில் சின்னவனான ஷர்வின் காதருகே வந்து, "அண்ணே, நீங்க வேணும்னா அரை மணி நேரம் முன்னாடியே கெளம்பிடுங்களேன்," என்று சொன்னான். அவ்வளவு மரியாதையாகச் சொல்லியிருக்கவே கூடாது.

சுகுமாரனுக்கு வயது நாற்பத்தாறு. ஜெலாப்பாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். இயந்திரம் நின்றால் எல்லோரும் அவன் பெயரைக் கத்துவார்கள். ஓடினால் அப்படி ஒரு ஆள் இருப்பதே யாருக்கும் நினைவிருக்காது. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எதுவும் பழுதாகாமலே ஏழு பேர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அந்த ஏழு பேரும் ஒருநாள் அலுத்துப்போய்க் காத்திருப்பதை விட்டுவிட்டால்?

குற்றம் முழுவதையும் அவன் சக்கரத்தின்மேல் போட்டான்.

வீட்டில் அவன் மனைவி கலாதேவி சுருக்கமாகச் சொன்னாள்.

"ஒடஞ்சா மாத்தித்தான் ஆகணும். ஐந்நூறு வெள்ளிக்குள்ள பாருங்க."

"சக்கரம்னா ரெண்டு இருக்கு கலா."

"தெரியும். நானும் எண்ணியிருக்கேன்."

சிலிபின் சைக்கிள் கடைச் சீனரை எல்லோரும் தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் அழைப்பார்கள். நாற்பது வருடமாகத் தமிழர்களுக்கு விற்று விற்று நல்ல தமிழ் பேசுவார். அவர் இரண்டு ஜோடிச் சக்கரங்களை எடுத்து வைத்தார். ஒன்று அலுமினியம். ஒவ்வொன்றிலும் முப்பத்திரண்டு கம்பி. ஐந்நூற்று இருபது வெள்ளி. பார்ப்பதற்குப் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி இருந்தது. இன்னொன்று கார்பன். அகலமான கறுப்பு ரிம், ஒவ்வொன்றிலும் இருபதே கம்பி. விரலால் தட்டினால் கடம் மாதிரி ஒலித்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

"ஒன் எடை எவ்ளோ?" என்றார் தவுக்கே.

"எண்பது."

எண்பது என்பது சுகுமாரனின் கல்யாணத்து எடை. தவுக்கே அவன் வயிற்றைப் பார்த்தார். வியாபாரி என்பதால் வாயைத் திறக்கவில்லை.

சுகுமாரன் கார்பனைக் கையில் தூக்கினான். நானூறு கிராம் குறைவாம். அந்த நானூறு கிராமில் தன்னுடைய இருபது நிமிடமும் ஒளிந்திருப்பதாக அவனுக்குப் பட்டது. ஓவர்டைம் பணத்தை ஆறு மாதமாக வேறு கணக்கில் சேர்த்து வைத்திருந்தான். எதற்கென்று அவனுக்கே தெரியாமல் இருந்தது. இப்போது தெரிந்துவிட்டது.

சனிக்கிழமை காலை வாங்கினான். வாங்கிய பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுபோவது எப்படி என்ற யோசனை வந்தது. இயந்திரம் பழுது பார்ப்பவனுக்கு வழியா தெரியாது? நண்பன் நாகூர் மீரான் புது சைக்கிள் வாங்கிவிட்டான், பழைய சக்கரத்தைச் சும்மா கொடுத்துவிட்டான். இதுதான் கதை. பழைய சக்கரம் பளபளக்கக் கூடாது. எனவே வீட்டுப் பின்பக்கம் போய், ஒரு பூந்தொட்டியிலிருந்து இரண்டு கை மண்ணை அள்ளி, கொஞ்சம் தண்ணீர் விட்டு, ரிம்மிலும் கம்பியிலும் பூசினான். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வெள்ளிப் பொருளைத் தன் கையாலேயே அழுக்காக்கும்போது நெஞ்சு வலித்தது. இருந்தாலும் வேலை சுத்தம்.

கலாதேவி வந்து பார்த்தாள்.

"இது யாரோடது?"

"மீரான் கொடுத்தான்லா. பழசு. சும்மா கெடக்குது, எடுத்துக்க மச்சான்னான்."

அவள் குனிந்து ரிம்மை ஒரு விரலால் தடவினாள். விரல் நுனியில் மண் ஒட்டியது. மண்ணில் வெள்ளையாக ஏதோ இருந்தது.

"மீரான் அண்ணன் முட்டை ஓட்டு மேலதான் சைக்கிள் ஓட்டுவாரோ?"

"சாப்பாட்டுக் கடைக்காரனாச்சே. அவன் கடைப் பின்பக்கம் முழுக்க முட்டை ஓடுதான்."

இந்தப் பதிலை நினைத்து சுகுமாரன் தன் தோளைத் தானே தட்டிக்கொண்டான். அவன் மண் எடுத்தது கறிவேப்பிலைத் தொட்டியில். அந்தச் செடிக்குக் கலாதேவி தினமும் முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுகிறாள். பத்தொன்பது வருடமாகப் போடுகிறாள். பத்தொன்பது வருடமாக அந்தக் கறிவேப்பிலையில் ரசம் குடிக்கிறவனுக்கு அது தெரியாது.

"அப்ப, வெறுங்கையோட போயி வாங்கிட்டு வந்தீங்களா?"

"கூட்டாளிக்குள்ள என்னலா?"

"கூட்டாளின்னா?"

இங்கேதான் சுகுமாரன் சறுக்கினான். கதையில் எல்லாவற்றையும் யோசித்தவன், தன் மனைவியை யோசிக்க மறந்துவிட்டான். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கிண்ணம் குழம்பு வந்தால், அந்தக் கிண்ணம் காலியாகத் திரும்பிப் போனதாகக் கலாதேவியின் சரித்திரத்தில் கிடையாது. இரண்டு வாழைப்பழமாவது போட்டுத்தான் போகும். கிண்ணத்துக்கே அப்படி என்றால், ஒரு ஜோடிச் சக்கரத்துக்கு?

"இன்னைக்கு அஞ்சு மணிக்கு அவர டீ குடிக்க வரச் சொல்லுங்க. வடை சுடுறேன். நம்ம வீட்டுக்கு ஒரு பொருள் சும்மா வரக் கூடாது."

"அவன் கடையில பிசி கலா."

"அப்ப நான் கடைக்கே வாரேன். நேர்ல நன்றி சொல்லிட்டு வந்துடுறேன்."

"வேணாம் வேணாம். வருவான்."

அவள் உளுந்து வாங்கக் கிளம்பினாள். மளிகைக் கடை அடுத்த தெருவில். திரும்ப ஒரு மணி நேரம் ஆனது. சுகுமாரன் அதைக் கவனிக்கவில்லை. அவன் அப்போது மீரானின் கடைக் கல்லாவுக்குப் பின்னால் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"பொய் சொல்லணுமா மச்சான்? நான் அஸர் தொழுதுட்டு நேரா வரணும்."

"பொய்யெல்லாம் நான் ஏற்கெனவே சொல்லிட்டேன். நீ ஆமான்னு மட்டும் சொல்லு."

"எத்தன ஆமா?"

"ரெண்டு."

மீரான் யோசித்தான். "ரெண்டுக்கு மேல ஒன்னு கூடச் சொல்ல மாட்டேன்," என்றான்.

ஐந்து மணிக்கு வந்தான். மீரானுக்குச் சாப்பிடத் தயக்கம் எதுவும் வரக் கூடாது என்று கலாதேவி புதுச் சட்டி வாங்கி, புது எண்ணெய் ஊற்றி வடை சுட்டிருந்தாள். தட்டுகூடப் புதிது. முன்வாசலில் சுவரோடு சாய்த்து, மண் பூசிய சக்கரங்கள் இரண்டும் நின்றன. மூன்று பேரும் அவற்றுக்கு எதிரே, பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்தார்கள்.

"அண்ணே, இது உங்க சக்கரம்தானே?"

"ஆமா தங்கச்சி."

"முழு மனசோட கொடுத்தீங்களா?"

"ஆமா."

மீரான் சுகுமாரனைப் பார்த்தான். இரண்டும் முடிந்தது என்று அந்தப் பார்வை சொன்னது.

"அப்ப நான் ஒன்னு கேப்பேன். நீங்க மறுக்கக் கூடாது."

மீரான் ஒரு முழு வடையை வாயில் போட்டுக்கொண்டான். இனி எந்த ஆமாவும் வெளியே வர முடியாது.

"உளுந்து வாங்கப் போன வழியில தவுக்கேகிட்ட விசாரிச்சேண்ணே. இந்த மாதிரி சக்கரத்துக்கு ஆளு எடை எண்பத்தஞ்சு வரைக்கும்தானாம். போன மாசம் கிளினிக்ல இவரு தொண்ணூத்தாறு."

"தொண்ணூத்து நாலு," என்றான் சுகுமாரன்.

"அது கால்ல சப்பாத்து இல்லாம. நீங்க சப்பாத்து போடாமலா ஓட்டுறீங்க?"

மீரானுக்குப் புரை ஏறியது. அவள் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

"நானூறு கிராம் கொறையுதாம். சோத்துல நான் கொறச்சா ஒரு காசு செலவில்ல." சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த கரண்டியைத் தட்டின்மேல் வைத்தாள். "எறக்கத்துல போறப்ப கம்பி தெறிச்சு இவரு விழுந்தா, நான் யார்கிட்ட போயி கேக்குறது? உங்ககிட்டயா, தவுக்கேகிட்டயா?"

அவள் குரல் கடைசி வார்த்தையில் கொஞ்சம் இறங்கியதை சுகுமாரன் கேட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் காத்திருக்கும் ஏழு பேரைத்தான் அவன் எண்ணியிருந்தான். சிலிபினில் ஒருத்தி காத்திருந்ததை எண்ணியதே இல்லை. அந்த நொடியில் அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தான். வடைதான் உள்ளே போனது.

"அதனால, இத தவுக்கேகிட்டயே கொடுத்துட்டு, இவருக்கு ஏத்தத எடுத்துக்கவா? உங்க பொருள் அண்ணே. உங்க சம்மதம் இல்லாம நான் தொட மாட்டேன்."

கூடாது என்று சொல்லும் உரிமை பொருளுக்குச் சொந்தக்காரனுக்குத்தான். சொந்தக்காரன் மீரான். அவனைச் சொந்தக்காரன் ஆக்கியது சுகுமாரன். தான் செய்த பூட்டுக்குள் தானே உட்கார்ந்துகொண்டு, சுகுமாரன் கண்ணாலேயே நண்பனைக் கும்பிட்டான். புருவத்தை ஏற்றினான், இறக்கினான். மீரான் தண்ணீரைக் குடித்து முடித்து, வாயைத் துடைத்தான்.

"தாராளமா செய்ங்க தங்கச்சி. ஆளு பெருசா, சக்கரம் பெருசா?"

ஆறு மணிக்குள் மூவரும் சக்கரங்களோடு தவுக்கே கடையில் இருந்தார்கள். தவுக்கே இவர்களுக்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார். ஒரு நாள்கூட ஓடாத சக்கரம், எடுத்துக்கொள்கிறேன் என்றார். மண் கழுவ மட்டும் நூறு வெள்ளி பிடித்துக்கொண்டார்.

கலாதேவி அலுமினியச் சக்கரத்தை எடுத்து அச்சைப் பிடித்துச் சுற்றிவிட்டாள். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அது நேராகச் சுற்றுகிறதா என்று பார்த்தாள்.

"பின்னாடி உள்ள பழைய பல்சக்கரம் இதுல ஏறுமா?"

"ஏறும்."

"பழைய பிரேக் கட்டையே பிடிக்குமா? புதுசு வாங்கணுமா?"

"பழசே போதும்."

"கம்பி ஒன்னு ஒடஞ்சா?"

"எங்கிட்டயே இருக்கு. பத்து நிமிசம்."

சுகுமாரன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். தொழிற்சாலையில் எந்தப் புது உதிரிப்பாகம் வந்தாலும் முதலில் அவன் கேட்கிற கேள்விகள் இவைதான். பொருந்துமா, தாங்குமா, உடைந்தால் கிடைக்குமா. சொந்தச் சக்கரத்துக்கு அவன் தட்டிப் பார்த்தது ஓசையை மட்டும்தான்.

தவுக்கே மீதிப் பணத்தை எண்ணி நீட்டினார். ஆயிரத்து இருநூற்று எண்பது. சுகுமாரனின் கை தானாக நீண்டது. கலாதேவி அதைக் கவனிக்காதவள்போல, கடை மூலையைப் பார்த்தாள். அங்கே பச்சை நிறத்தில், சிறிய சட்டத்தோடு, யாரோ ஓட்டிவிட்டு விற்ற ஒரு ரேஸ் சைக்கிள் நின்றது.

"அது எவ்ளோ தவுக்கே?"

"ஆயிரத்து இருநூத்தம்பது."

"கொடுத்துடுங்க." பிறகு மீரானிடம் திரும்பினாள். "அண்ணே, இது உங்க காசு. வீட்டுச் செலவுல போட்டா நன்றி கெட்டதனம். சைக்கிள்னு வந்தது சைக்கிளாவே இருக்கட்டும். சரியா?"

மீரான் கடையின் கூரையைப் பார்த்தான். ஆமா எதுவும் மிச்சமில்லை. எனவே தலையை மட்டும் ஆட்டினான்.

"யாருக்கு அது?" என்றான் சுகுமாரன்.

"எனக்குத்தான்." தவுக்கேயின் மேசையிலிருந்த ஸ்பேனரை எடுத்து, சீட்டை அவளே இரண்டு விரற்கடை இறக்கி முடுக்கினாள்.

"ஒனக்கு ஓட்டத் தெரியுமா?"

"தோட்டத்துலேர்ந்து செம்மோர் பள்ளிக்கூடத்துக்கு என்னய யாரு தூக்கிட்டா போனா? அஞ்சு வருசம் சைக்கிள்தான்."

"சொல்லவே இல்லையே?"

"நீங்க கேக்கவே இல்லையே."

மறு ஞாயிறு ஒன்பது பேர் கிளம்பினார்கள். ஷர்வின் கலாதேவிக்கு வணக்கம் சொல்லி, "அக்கா, நீங்க அவசரப்படாம வாங்க," என்றான். அதே பரிவான குரல். சுகுமாரன் அதைக் கேட்டு உள்ளுக்குள் பூரித்துப்போனான். புதுச் சக்கரங்கள் சத்தமில்லாமல், நேராக ஓடின. அதை அவன் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஜெலாப்பாங்கைத் தாண்டியதும் ஏழு பேரும் வழக்கம்போல முன்னே மறைந்தார்கள். அவன் திரும்பிப் பார்த்தான். பின்னால், தூரத்தில், பச்சை சைக்கிள்.

தனக்குப் பின்னால் ஒரு ஆள்! ஆயிரத்துத் தொள்ளாயிரம் போனால் போகிறது. மேடு தொடங்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, பெரிய மனதோடு கத்தினான்.

"மெதுவா வா கலா! மூச்சு வாங்காத! மேல போயி ஒனக்காக நின்னுக்கிறேன்!"

பாதி மேட்டில் அவன் எழுந்து நின்று மிதிக்க ஆரம்பித்தான். முக்கால் மேட்டில் காதுக்குள் நாடி துடித்தது. வலப்பக்கத்தில் ஏதோ நிழல் வந்தது. கலாதேவி சீட்டில் உட்கார்ந்தபடியே, மார்க்கெட்டுக்குப் போகிறவள்போல மிதித்துக்கொண்டு, அவனைத் தாண்டினாள்.

"என்னங்க, நான் முன்னாடி போயி உங்களுக்கு ஒரு டீ சொல்லி வைக்கிறேன். சீனி இல்லாம."