பல்லக்கு கவிழ்ந்த படம்

ஊமைப்படக் கதாநாயகர்கள் அத்தனை பேரும் இடது கைக்காரர்கள் என்று முப்பது வயது வரை நம்பிக்கொண்டிருந்தவன் நான். நம்பியதோடு விட்டிருந்தால் தேவலை. அதை ஒரு வாரப் பத்திரிகையின் சினிமா மலரில், என் பெயரும் தாலுகா ஆபீஸ் விலாசமும் போட்டு, மூன்று பக்கத்துக்கு எழுதியும் தொலைத்தேன். இந்த மடத்தனத்துக்கு மூலபுருஷர், டமாரம் என்று ஊர் கூப்பிட்ட ஒரு மனிதர்.

பேசாத படங்களைப் பற்றி டமாரத்தைவிட அதிகம் பேசிய பிராணி இந்தப் பூலோகத்தில் பிறக்கவில்லை. திண்டிவனத்தில் ஒரு டூரிங் கொட்டகையில் டிக்கெட் கிழிப்பது அவர் உத்தியோகம். படம் பேச ஆரம்பித்த அன்றே சினிமா செத்துப்போய்விட்டது என்பது அவர் கட்சி. அதனால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் வாசலில் நிற்பார். பஞ்சையும் மீறி வசனம் உள்ளே நுழைந்துவிட்டால் படுதாவை விலக்கித் தலையை நீட்டி, "யப்பா, ஜல்தியா முடி! ஜனங்க வூட்டுக்குப் போவ வாணாமா?" என்று திரையைப் பார்த்துக் கத்துவார். தரை டிக்கெட் ஜனம் படத்தைவிட இதற்குத்தான் பலமாகக் கைதட்டும்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு வருஷம்தான் உண்டு. படம் பேசுவதற்கு முந்தின கடைசி வருஷம். அந்த வருஷம் விழுப்புரத்துக்கு வந்த ஊமைப்படங்களில் ஐந்து உத்தமம், ஐந்து படுமோசம் என்று ஒரு ஜாபிதா வைத்திருந்தார். காகிதத்தில் அல்ல, நாக்கில். ஊரில் எதையும் அந்தத் தராசில்தான் நிறுப்பார். டீக்கடையில் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "மோசத்துல மூணாவது" என்பார். கடைக்காரர் வேறு டீ போடுவார். புது தாசில்தார் ஜீப்பிலிருந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு, "நல்லதுல அஞ்சாவது. ஆனா கடைசி ரீலு சரியில்ல" என்றார். ஆறே மாதத்தில் தாசில்தாருக்குத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல் வந்தது. அன்றிலிருந்து டமாரம் சொன்னதெல்லாம் எனக்கு வேதவாக்கு.

படத்தின் பெயரைக் கேட்டால் மட்டும் சொல்லமாட்டார். "குதிர செத்த படம்", "மூணு தடவ கல்யாணம் நின்ன படம்" என்று இப்படித்தான் வரும். கதையை மாத்திரம் டீக்கடை மேஜைமேல் கொறித்துப்போட்ட மல்லாட்டைக் கடலைத் தோலைப் பரப்பி, இது கோட்டை, இது அகழி என்று முழுசாக நடித்துக் காட்டுவார். வாளை உருவுவது எப்போதும் இடது கையால்.

"ஏன் இடது கை?" என்றேன் ஒரு நாள்.

"அந்த வருஷத்துல அல்லாருமே அப்படித்தான் குமாஸ்தா சார். கண்ணால பாத்துக்கினு இருந்தவன் சொல்றேன்."

இதற்கு மேல் ஆதாரம் எதற்கு? எழுதினேன். வெள்ளைக்காரனுக்கு வலது கையால் சலாம் போடவேண்டியிருந்த காலத்தில், நம் வீரர்கள் வாளுக்கென்று இடது கையை ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்று ஒரு தத்துவத்தையும் சொந்தச் சரக்காகச் சேர்த்தேன். டமாரத்தின் ஜாபிதாவையும் அப்படியே போட்டேன். மோசத்தில் முதலிடம் 'பல்லக்கு கவிழ்ந்த படம்'. "பல்லக்கிலிருந்து விழுந்த கதாநாயகர் அப்படியே எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம்" என்று முடித்தேன். அந்த வரியை நானே ஏழெட்டுத் தடவை படித்து ரசித்தேன்.

பத்தாம் நாள் ஆபீசுக்கு ஒரு தபால் கார்டு வந்தது. கார்டு என்பதால் என் கைக்கு வருமுன்பே பியூனிலிருந்து ஹெட் கிளார்க் வரை படித்துவிட்டிருந்தார்கள்.

"பல்லக்கிலிருந்து விழுந்தவன் நான்தான். எழுந்து இப்போது விழுப்புரத்தில் இருக்கிறேன். எனக்கு வலது கைப் பழக்கம். ஞாயிறு காலை வருகிறேன். ஊரில் இருக்கவும்."

ஹெட் கிளார்க் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பத்திரிகைக்கு எழுத மேல உத்தரவு வாங்கினீங்களா?"

"இல்லைங்க."

"அடுத்த மாசம் உங்கள பர்மனென்ட் பண்ண ஃபைல் போவுது. இந்த மனுஷன் கலெக்டர்கிட்ட ஒரு மனு கொடுத்தாருன்னு வையுங்க, அப்புறம் நீங்களும் ஊமைப்படம்தான்."

அன்று வியாழன். ஞாயிறு வரை நான் ஓரிடத்தில் உட்கார்ந்ததாக ஞாபகமில்லை. சோற்றை நின்றுகொண்டே தின்றேன். வலது கைக்காரர் அறைந்தால் எனக்கு இடது கன்னத்தில் விழும் என்று கணக்குப் போட்டு, தாங்கட்டும் என்று அந்தப் பக்கம் மட்டும் சவரம் செய்யாமல் விட்டேன். சனிக்கிழமை, அனந்தபுரத்திலிருக்கும் அத்தை வீட்டுக்கு ஓடிவிடலாம் என்று பஸ் ஏறினேன். ஓடினால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகுமே என்று முதல் நிறுத்தத்திலேயே இறங்கித் திரும்பி நடந்தேன். பாதி வழியில், ஓடியே இருக்கலாமோ என்று தோன்றியது.

நேரே டமாரத்திடம் போனேன். "அந்த ஆளு வலது கையாமே!"

"பொய்யி. வரட்டும் சார், நான் பேசிக்கிறேன்."

அவர் பேசுவார் என்பதுதான் எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது.

ஞாயிறு காலை விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். வெள்ளை மீசை, தூண் மாதிரி உடம்பு, கையில் குடை. வலது கையில். என் பாதி தாடியை விசித்திரமாகப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு இதெல்லாம் யாரு சொன்னது? அந்த ஆளாண்ட கூட்டிக்கினு போங்க" என்றார். போகும் வழியெல்லாம் நான் அவருடைய இடது பக்கமாகவே நடந்தேன்.

காலை வேளை, கொட்டகை காலி. டமாரம் திரையின் கிழிசலைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"யாருய்யா என்னிய இடது கைன்னது?"

"நான்தான். விழுப்புரத்துல அத்தன ஆட்டமும் பாத்தவன். பல்லக்குப் படுதாவ இடது கையாலதான் தள்ளினீங்க."

"எங்க குந்திக்கினு பாத்தே?"

டமாரத்தின் ஊசி நின்றது.

"பின்னாடி."

"எதுக்குப் பின்னாடி?"

"திரைக்குப் பின்னாடிங்க. குதிர ஓடினா கொட்டாங்கச்சி தட்டணும், இடி இடிச்சா தகரம் அடிக்கணும். அதான் எனக்கு வேல. முன்னாடி குந்தணும்னா டிக்கெட்டு வேணும்னுட்டாங்க."

துணிக்குப் பின்னாலிருந்து பார்த்தால் வலது இடதாகும். எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி நிற்கும். வாள் கை மாறியது ஏன், படத்துக்குப் பெயர் இல்லாமல் போனது ஏன் என்று எனக்கு ஒரே வினாடியில் விளங்கியது. வெள்ளைக்காரனும் சலாமும் என் தத்துவமும் கொட்டகை மணலில் சரிந்தன.

பெரியவர் விடவில்லை. "அப்போ, பல்லக்கு கவுந்தப்ப 'டமார்'னு தகரத்த அடிச்சது?"

"நான்தாங்க."

"அடப்பாவி! அன்னைக்கு நான் ஜனங்களோட ஜனமா தரையில குந்திக்கினு இருந்தேன்யா. அது சாவுற காட்சி! நீ அடிச்ச அடியில கொட்டாயே வுழுந்து வுழுந்து சிரிச்சுது. அன்னியோட மூஞ்சிக்குச் சாயம் பூசறத வுட்டவன் நான்."

"சாவுன்னு தெரியலீங்க" என்றார் டமாரம். "எழுத்து படிக்க முடியல. சிரிப்புச் சத்தம் மட்டும்தான் கேட்டுது. அத வெச்சுத்தான் மோசத்துல மொதல்ல போட்டேன்."

இப்போது விழும் என்று நான் இடது கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். பெரியவர் கையை ஓங்கவில்லை. குடையை என்னிடம் நீட்டினார். பிறகு டமாரத்தைப் பார்த்து, "இப்பிடி முன்னாடி வந்து குந்து" என்றார்.

டமாரம் வந்து மணலில் குந்தினார். பெரியவர் திரைக்கு எதிரே நின்றார். இல்லாத படுதாவை வலது கையால் தள்ளினார். அறுபது வயது உடம்பு சடாரென்று மணலில் சரிந்தது. எதையோ தேடுகிற மாதிரி அந்தக் கை மெல்ல எழும்பியது, பாதியில் நின்றது, விழுந்தது. கொட்டகைக்குள் சுற்றிக்கொண்டிருந்த நாய்கூட நின்றுவிட்டது. டமாரம் மூக்கை உறிஞ்சிய சத்தம் மட்டும் கேட்டது.

"நல்லதுல மொதல்ல போட்டுடலாங்க."

பெரியவர் மீசையிலிருந்து மணலைத் தட்டிக்கொண்டே எழுந்தார். "அம்மாம் பெருசெல்லாம் வாணாம்யா. அஞ்சாவது போதும்."

நடந்தது இவ்வளவுதான். மனுவும் போகவில்லை, அறையும் விழவில்லை. அடுத்த மாதம் வேலை நிரந்தரமாயிற்று. பத்திரிகைக்குத் திருத்தம் எழுதி அனுப்பினேன், அவர்கள் போடவில்லை. அந்த ஞாயிறு சாயங்கால ஆட்டத்துக்கு டமாரம் காதில் பஞ்சில்லாமல் முதல் வரிசையில் உட்கார்ந்து முழுப் படத்தையும் பார்த்தார். வாசலில் நின்று டிக்கெட் கிழித்தது நான்.