நீலச் சுறாவின் வாழிடம்

"நீலம் எங்கய்யா இதுல?" என்றார் வெங்கடாசலம் வாத்தியார்.

வீசை போய்க் கிலோ வந்த வருடம் அது. அதற்கும் பத்து வருடம் முன்பிருந்தே நூர் பாஷா பாலக்கோட்டுச் சந்தையில் கருவாடு விற்கிறார். கருவாட்டிடம் நிறம் கேட்டவர் எவரும் இல்லை.

"காஞ்சா எல்லாம் ஒரே கலர்தாங்க சார்."

"நடுக்கடல் நீலச் சுறான்னு இந்தம்மாகிட்ட சொன்னியே?"

சொன்னதுதான். 'பெரிய சுறா' என்று நிறுத்தியிருக்கலாம். படித்தவர் பக்கத்தில் நிற்கிறாரே என்று கொஞ்சம் கடலைச் சேர்த்துவிட்டார். பிள்ளை பெற்ற மகளுக்காக வாங்க வந்த முனியம்மாள், பையில் போட்ட துண்டைத் திரும்பத் தராசுத் தட்டிலேயே வைத்தாள்.

பாஷாவுக்குச் சுருக்கென்றது. "நீங்க கடலப் பாத்திருக்கீங்களா சார்?"

"நான் பி.எஸ்ஸி. விலங்கியல்."

அதாவது, பார்த்ததில்லை.

கூட்டம் சேர்ந்தது. பாஷா சாக்கின் அடியிலிருந்து இன்னும் பெரிய துண்டாக உருவிப் போட்டார். வாத்தியார் அதைக் குடைக்கம்பியால் புரட்டினார்.

"இது அதவிட மோசம். சானிடரி இன்ஸ்பெக்டர் நமக்கு வேண்டியவர். சாக்கு மேல மண்ணெண்ணெய் ஊத்தச் சொல்றேன்."

இருந்ததே ஒரு சாக்கு. அதுதான் கடை.

"ஊத்துங்க. அசல் எப்படி இருக்கும்னு காட்டிட்டு ஊத்துங்க."

வாத்தியார் காத்திருந்ததே அதற்குத்தான். கூட வந்திருந்த பள்ளிக்கூட அட்டெண்டர் முனாப்பைக் கூப்பிட்டு, விலங்கியல் அலமாரியிலிருக்கும் சுறா மாதிரியை எடுத்து வரச் சொன்னார். முனாப் என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"போய்யா," என்றார் வாத்தியார்.

கண்ணாடிப் பெட்டி வந்தது. உள்ளே கருநீலமாக ஒரு துண்டு. அட்டையில் வாத்தியாரின் முத்து முத்தான கையெழுத்து: 'நீலச் சுறா. வாழிடம்: நடுக்கடல்.'

"பாத்துக்கய்யா. பசங்க பரீட்சையில இதப் பாத்துத்தான் மார்க் வாங்குறாங்க. இது எங்க, உன் சரக்கு எங்க."

பாஷா பெட்டியைத் திறந்து முகர்ந்தார். அதுவரை அடக்கி வைத்த ஆத்திரம் மொத்தமும் மூக்கில் ஏறியது.

"இது சுறாவா? உப்பு பத்தல. சரியாக் காயல. எந்தத் திருட்டுப்பய இத உங்க தலையில கட்டுனான்? மண்ணெண்ணெய அவன் சாக்குல ஊத்துங்க சார்."

"ஆள் யாருன்னு தெரியட்டும், ஊத்துறேன்," என்றார் வாத்தியார்.

முனாப் இருவருக்கும் பொதுவாகத் தரையைப் பார்த்துச் சொன்னார்: "அசல எலி தின்னு மூணு வருஷமாச்சுங்க சார். இது பாய் கடைச் சரக்குதான். நீலம் மட்டும் நம்ம ஆபீஸ் இங்க்."