ஆஃப்காரர் பார்த்து வாங்கிய ரிலே

தருமபுரி மாவட்டத்தில் கரண்ட் கொடுத்து நல்ல பேர் வாங்கியவர்கள் நிறையப் பேர் இருக்கலாம். கரண்டை நிறுத்தி நல்ல பேர் வாங்கியவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். அவருடைய சொந்தப் பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி சகலருக்கும் அவர் ஆஃப்காரர்.

யார் வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றுவார், உள்ளே போனதும் கரண்டைக் கழற்றுவார். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில், ஷாக் அடிக்காமல் காப்பாற்றுகிற சுவிட்ச் ஒன்று இருக்குமே, அதில் 'டெஸ்ட்' என்று ஒரு குட்டிப் பொத்தான். அதை அழுத்துவார். வீடே இருண்டுபோனால் அவர் முகத்தில் மட்டும் வெளிச்சம். "உசுரோட இருக்குதுங்க!" என்பார். இருளாவிட்டால் அந்த வீட்டில் காப்பி குடிக்க மாட்டார். ஒருமுறை கல்யாண மண்டபத்திலும் அழுத்திவிட்டார். சரியாகக் கெட்டிமேள நேரம். மாப்பிள்ளை தோழிப்பெண் கழுத்தில் தாலி கட்டிவிட்டார் என்று ஊரில் சொல்வதெல்லாம் பொய். கழுத்துவரை கொண்டுபோனது மட்டும்தான் உண்மை.

கம்பைநல்லூர் ரோட்டில் ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் நான் பர்ச்சேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அவர் எலக்ட்ரிகல் ஃபோர்மேனாக வந்து சேர்ந்தார். வந்த அன்றைக்கே பேனல் ரூமில் ஒரு ரிலே முன்னால் நின்றவர் நகரவே இல்லை. ரிலே என்றால் பயந்துவிடாதீர்கள். லைனில் கரண்ட் தப்பான வழியில் போனால் கண்டுபிடித்து, சப்ளையைத் துண்டிக்கச் சொல்கிற காவல்காரன், அவ்வளவுதான். இந்த ரிலே, பழம் கழுவும் கூடத்து லைனுக்குக் காவல். கண்ணாடி மூடி போட்ட பழைய மாடல். தப்பு நடந்தால் உள்ளே ஒரு தட்டு சுழல வேண்டும்.

"இது கடைசியா எப்பங்க டிரிப் ஆகி லைன நிறுத்துச்சு?"

"மூணு சீசனா ஒரு தடவைகூட விழல. தங்கமான ரிலே!" என்றார் மேனேஜர்.

"மூணு வருசமா வாயே தொறக்கலைன்னா எனக்கு பயமா இருக்குதுங்க. மாத்திரலாங்க."

"நல்லா ஓடிக்கிட்டு இருக்கறதுல கைய வெக்காதய்யா!"

நானும் மேனேஜர் கட்சிதான். அந்த ரிலே மேல் எனக்குத் தனிப்பாசம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பேனல் ரூம் என் பொறுப்பு. கண்ணாடி மேல் வைத்தால் சந்தனம் வழிகிறது என்று, மூடியையே கழற்றி, உள்ளே குழைவாகப் பொட்டு வைத்துக் குங்குமமும் இட்ட பக்திமான் நான்.

ஆஃப்காரர் ஒரு மாசம் தினமும் காலையில் மேனேஜர் மேஜை முன்னால் போய் நின்றார். தொல்லை பொறுக்காமல் மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார்: புது ரிலே சீசனில் காரணமில்லாமல் விழுந்தால், ஆஃப்காரர் வேலையை விட்டுப் போய்விட வேண்டும். மனுஷன் அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

வாங்கும் படலம் அதைவிட வேடிக்கை. ரிலே விற்க வந்தவர்களிடம் கலர் புத்தகத்தைத் திறக்கவே விடமாட்டார். ஒரே கேள்விதான். "இது எப்பெப்ப வேல செய்யாதுங்க?" முதலில் வந்த மூன்று பேரும் நெஞ்சை நிமிர்த்தி, "எப்பவுமே வேலை செய்யும் சார்" என்றார்கள். மூன்று பேருக்கும் மோர் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டோம். நாலாவது ஆள் தலையைச் சொறிந்தார்.

"பேனல் பேட்டரி இறங்கிட்டா இது வெறும் பொம்மைங்க. ஈரம் பூந்தாலும் போயிரும். செட்டிங்கைத் தப்பா வெச்சா கடவுளே வந்தாலும் விழாதுங்க."

ஆஃப்காரர் எழுந்து அவருக்குக் கை கொடுத்தார். "சார், இவருகிட்டயே வாங்குங்க."

சீசன் தொடங்குவதற்கு முன்னால் மாட்டியாயிற்று. பெங்களூரா மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கேட்டைத் தாண்டி ரோடு வரைக்கும் நின்ற ஒரு நாள், பதினொரு மணிக்குப் பழம் கழுவும் கூடம் பொட்டென்று நின்றது. புது ரிலே விழுந்துவிட்டது.

மேனேஜர் அந்தக் கையெழுத்துக் காகிதத்தோடு ஓடி வந்தார். "பழசு தங்கம்னு சொன்னேனே, கேட்டியா? போடுய்யா சுவிட்ச்சை!"

"காரணம் தெரியாம போட மாட்டனுங்க." இரண்டு கையையும் விரித்துப் பேனலை மறித்து நின்றார்.

கூடத்தில் முப்பது பெண்கள், கணுக்கால் தண்ணீரில். அவர்களில் மூத்தவர் சரசக்கா கத்தினார். "அண்ணா, பழம் அப்பிடியே கெடக்குது, தண்ணிய வுடுங்க!"

"மொதல்ல எல்லாரும் தண்ணிய வுட்டு வெளிய வாங்க தாயி."

அரை மணி நேரம் தேடினார். இந்த வயதில் வேலை போனால் எங்கே போவார்? கடைசியில் கூடத்துத் தண்ணீர் வாய்க்காலுக்குள் கை விட்டு பம்ப் கேபிளைத் தூக்கிக் காட்டினார். எலி கடித்து, ஒரு விரல் நீளத்துக்குச் செம்பு பளபளத்தது. அது கிடந்தது அந்தப் பெண்கள் நின்ற தண்ணீரில். சரசக்கா குனிந்து தன் ஈரக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் காகிதத்தை நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் ஆஃப்காரர் தன் டிராயரைத் திறந்து பழைய ரிலேயை என்னிடம் காட்டினார். சோதனைப் பெட்டியை மாட்டிக் கரண்டை ஏற்றினார். தட்டு அசையவில்லை. இன்னும் ஏற்றினார். ம்ஹூம். மூடியைத் திறந்தார். தட்டின் அச்சில் மூன்று வருஷத்துச் சந்தனம், கல்லாக இறுகி, மேலே என் குங்குமத்தோடு.

நான் அந்தக் குங்குமத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். "எப்பங்க பாத்தீங்க?"

"கழட்டுன அன்னிக்கே பாத்துட்டனுங்க."

"காலைல அந்த ஆட்டம் ஆடுனாரே மேனேஜர், அப்பவாவது சொல்லியிருக்கலாம் இல்லீங்களா? உங்க வேலை போயிருக்குமே!"

"சொன்னா உங்க வேல போயிருக்குமுங்களே சார்."

ரிப்போர்ட்டில் 'பழைய ரிலே பழுதானதற்குக் காரணம்: தூசி' என்று எழுதியிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். "சந்தனம் காஞ்சா தூசிதானுங்களே," என்றார். அப்படி ஒரு மனுஷனை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

இப்போது அவர் ஓசூர்ப் பக்கம் வேறு ஏதோ கம்பெனியில் கரண்டை நிறுத்திக்கொண்டிருக்கிறார். நான் மாசம் தவறாமல் எங்கள் வீட்டு டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பார்க்கிறேன். வீடு இருண்டதும் சமையலறையிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்: "அவரு வந்துட்டாருங்களா? காப்பி போடட்டுமா?"

இல்லை என்று சொல்ல எனக்கு உடனே வாய் வருவதில்லை.