ஏலாது என்றால் தூக்கு என்று அர்த்தமில்லை

டார்ம்ஸ்டாட்,
ஞாயிறு, பூசை முடிந்த கையோடு

என்றும் என் மரியாதைக்குரிய பேனாட் அண்ணைக்குத் தங்கை ஞானமலர் எழுதிக்கொள்வது,

மடு மாதாவின் தயவால் நான் நல்ல சுகம், முழங்காலைத் தவிர. லைப்சிக் குளிரில் நீங்களும் பிறேமா மச்சாளும் இருமாமல் இருக்க மன்றாடுகிறேன். அன்றைக்கு நான் தொலைபேசியில் அழுததற்குக் காரணம் கேட்டீர்கள். வாயால் சொல்ல வரவில்லை, எழுதுகிறேன். மச்சாளுக்கு வாசித்துக் காட்டினால், முழுவதும் வாசித்து முடிந்த பிறகு சிரிக்கச் சொல்லுங்கள்.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் கனத்த ஆட்களைக் கட்டிலில் இருந்து தூக்கிச் சக்கர நாற்காலியில் இருத்தும்போதெல்லாம் என் வாயில் தன்பாட்டில் “ஏலாது” என்று வந்துவிடும். ஒருநாள் எங்கள் பொறுப்பாளர் பெற்றா பின்னால் நின்று கேட்டுவிட்டார். “ஞானமலர், தூக்கேக்க என்னவோ சொல்லுறீங்களே, அது என்ன?” என்றார். முடியாது என்று அர்த்தம் சொன்னால் என்னை வேலைக்கு உதவாதவள் என்று நினைப்பாரோ என்ற பயத்தில், “அது பலம் வாறதுக்கு எங்கட ஊரில சொல்லுறது” என்று அளந்துவிட்டேன். அண்ணை, அந்த மனுசி அதை அப்படியே நம்பி, அடுத்த கட்டிலிலேயே ஒன்று, இரண்டு என்று எண்ணுவதுபோல “ஐன்ஸ், ஸ்வை, ஏலாது!” என்று தூக்கினார். அவரைப் பார்த்து மற்றத் தாதிமார் பழகினார்கள், அவர்களைப் பார்த்துக் குசினிக்காரர் உருளைக்கிழங்கு மூட்டைக்கு ஏலாது போட்டார்கள், காலை உடற்பயிற்சியில் பல்லில்லாத கிழவர்கள் கையை உயர்த்தி “ஏலாது!” என்று கத்தினார்கள். மருந்துப் பெட்டி இறக்க வரும் எங்கள் தமிழ்ப் பெடியன் ஜோன்சன் வாசலிலேயே நின்றுவிட்டான். “அக்கா, இது என்ன இடம்? எல்லாரும் ஏலாது ஏலாது எண்டு சிரிச்சுச் சிரிச்சு வேலை செய்யினம்!” நான் அவன் கையில் இரண்டு ரோல்ஸைத் திணித்து வாயடைத்து அனுப்பினேன். உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். எனக்கோ உள்ளுக்குள் பெருமை.

அந்த இல்லத்தில் சரியான அர்த்தம் தெரிந்த ஒரே ஆள், நான் பராமரிக்கும் கிறேமர் அம்மா. பாரிசவாதத்தில் அவவுடைய ஜெர்மன் சொற்கள் முக்கால்வாசி போய்விட்டன. இடுப்பில் எண்ணெய் தேய்க்கும்போது என் இடுப்பைக் காட்டி “எனக்கும் ஏலாது”, அவவின் இடுப்பைத் தொட்டு “உங்களுக்கும் ஏலாது” என்பேன். ஒரு பக்க வாயால் சிரிப்பா. வேதனை வந்தால் அந்தச் சொல்லைச் சொல்லப் பழகியும்விட்டா.

பிறகு மகள் நடாலிக்குப் பிள்ளை பிறந்து நான் ஸ்ருட்கார்ட் போனேன். பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது பெற்றாவின் குரல்பதிவு வந்தது. “உங்கட கிறேமர் அம்மா கதைக்கத் தொடங்கிற்றா, கேளுங்கோ!” கேட்டேன் அண்ணை. கிறேமர் அம்மா “ஏலாது” என்கிறா. எல்லோரும் சேர்ந்து “ஏலாது!” என்று தூக்குகிறார்கள். அவ இன்னும் உரக்கக் கத்துகிறா. அவர்கள் அதைவிட உரக்க. ஒருவர் கைதட்டுகிறார். ஈரக்கையோடு பெற்றாவுக்குத் தொலைபேசி எடுத்து, “தூக்காதேங்கோ! அவவுக்கு நோகுது, அதுதான் சொல்லுறா!” என்று கத்தினேன். கிறேமர் அம்மா அதற்கு முதல் குளியலறையில் வழுக்கியிருக்கிறா, ஒருவருக்கும் தெரியாது. இடுப்பெலும்பு வெடித்திருந்தது.

திரும்பி வந்து பெற்றாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை, ஏசியிருந்தால் நல்லது. “நாங்கள் கைதட்டினமே” என்று மட்டும் சொல்லிக் கதிரையில் இருந்துவிட்டார். இனி யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று கூட்டம் வைத்தார். கூட்டம் முடிந்து மேசையைத் தூக்கும்போது அவரே சொல்லி வாயைப் பொத்தினார். பதிலுக்கு நான் “மெதுவா” என்று சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். ஒருவர் வாயிலும் ஒட்டவில்லை. பொய்யாகச் சொன்னது காற்றுப்போலப் பரவியது, மெய்யாகச் சொன்னது என்னோடேயே நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிறேமர் அம்மா என்னைக் கண்டதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டா.

ஆகவே அண்ணை, இந்த வேலை போதும். மேல் அறையை எனக்கு ஒழுங்குபடுத்தி வைக்கவும். லைப்சிக்கில் பூக்கடை, வெதுப்பகம், எதுவானாலும் செய்வேன், வாயைத் திறக்க வேண்டியில்லாத வேலையாக இருந்தால் போதும். மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்திருப்பாவாக.

அன்புத் தங்கை
ஞானமலர்

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் கிறேமர் அம்மாவின் மகன் தொலைபேசி எடுத்தார். அம்மா ஆஸ்பத்திரியில் ஒருவரையும் தொடவிடுகிறா இல்லையாம், “மலர், மலர்” என்று கேட்டபடியாம். நாளைக்கு இல்லத்துக்குக் கூட்டி வருகிறார்கள். திட்டத்தான் கூப்பிடுகிறாவோ தெரியாது, திட்டினாலும் நான் அங்கே நிற்கவேண்டும். அறையை ஒழுங்குபடுத்த வேண்டாம். மச்சாளின் மிளகாய்த்தூளை மட்டும் தபாலில் போட்டுவிடுங்கள்.